துண்டிப்பது கம்பனியின் வேலையா?

ஆசிரியருக்கு,

திருட்டுப் படமும் புத்தகமும் இறக்குகிறவர்களின் இணைப்பை இணையக் கம்பனிகளே துண்டிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. மட்டக்களப்பில் ஒருவர் கைக்காசு போட்டுப் புத்தகம் அச்சடித்தால், வெளியீட்டு விழா முடிந்த கையோடு அது பிடிஎஃப் ஆகி வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அனுப்புகிறவர்களும் இலக்கிய ஆர்வலர்கள்தான், அதுதான் வேடிக்கை.

ஆனால் இதைக் கம்பனி எப்படிப் பிடிக்கும்? வட்ஸ்அப்பில் போவது பூட்டித்தான் போகிறது. உள்ளே பாட்டா புத்தகமா என்று கம்பனிக்குத் தெரியாது. டொரன்ட் என்றால், அதாவது பலர் தங்கள் கணினிகளுக்கிடையே நேரடியாகக் கோப்பைப் பகிரும் முறை என்றால், இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐபி முகவரி அகப்படும், சரி. அது காட்டுவது ஓர் இணைப்பை, ஆளை அல்ல. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கம்பஸ் பிள்ளைகள் தங்கும் வீடுகளில் ஒரே றூட்டரை எத்தனை பேர் பாவிக்கிறார்கள்! ஒருவர் படம் இறக்கினால் எல்லோருடைய படிப்பும், பாவம், வீட்டுக்காரரின் இணைப்பும் சேர்ந்து போகும். கைத்தொலைபேசி டேட்டாவில் இன்னும் சிக்கல். ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பகிர்வதுண்டு.

பிரான்ஸ் 2009இல் மூன்று எச்சரிக்கைக்குப் பின் துண்டிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதை நீதிமன்றம்தான் தீர்மானிக்கலாம் என்று அந்நாட்டு அரசியலமைப்புப் பேரவை மறித்தது; 2013இல் துண்டிக்கும் தண்டனையையே நீக்கிவிட்டார்கள். அவுஸ்திரேலியாவில் படக் கம்பனிகள் ஐஐநெட் என்ற இணைய நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு, 2012இல் அதியுயர் நீதிமன்றத்தில் தோற்றன.

இலங்கையில் நமக்கு இன்னொரு பயமும் உண்டு. 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் ஓர் உத்தரவில் மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். பதிப்புரிமையின் பேரில் வாடிக்கையாளரைக் கண்காணிக்கும் ஏற்பாட்டையும் கட்டி வைத்தால், நாளைக்கு அதை வேறு எதற்குப் பாவிப்பார்கள் என்று யார் கேட்பது?

முறைப்பாடு வந்தால் கம்பனி வாடிக்கையாளருக்கு அறிவிக்கட்டும், நீதிமன்றம் கேட்டால் விபரம் கொடுக்கட்டும். அதோடு போதும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் வழக்குச் செலவு புத்தகம் அச்சடித்த செலவைத் தாண்டிவிடும் என்பதால் நம் எழுத்தாளர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. அவர்கள் கொழும்புக்கு அலையாமல் முறையிட, மட்டக்களப்பு, அம்பாறைக் கச்சேரிகளில் (மாவட்டச் செயலகங்களில்) ஓர் அலுவலரையாவது நியமிக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும்.

வாசகர்,
களுவாஞ்சிக்குடி