கார்த்திகை மாதத்துக் காசு

வன்னிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும் புலம்பெயர் ஊர் ஒன்றியங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வன்னியில் உயர்தர மாணவரின் விண்ணப்ப வேலைகளுக்கு உதவும் எங்களிடம், பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்கும்போது உங்களில் பலர் கூடவே இன்னொன்றும் கேட்கிறீர்கள்: "தாய் தகப்பன் இருக்கிற பிள்ளைக்கு நாங்கள் ஏன் குடுக்கவேணும்?" நியாயமான கேள்வி. பெற்ற பிள்ளையின் படிப்புச் செலவு முதலில் பெற்றோருடையதுதான் என்றே நாங்களும் நினைக்கிறோம். ஆனால் எவ்வளவு, எந்த மாதத்தில், எதை அடகு வைத்து என்று அடுத்தடுத்துக் கேட்டால்தான் உங்கள் உதவி எங்கே போய்ச் சேரவேண்டும் என்பது தெளியும்.

முதலில் சட்டம். இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் 18 வயதோடு பெற்றோரின் பொறுப்பை முடித்துவிடவில்லை. 18க்கு மேல் 25க்குள், தன்னைத் தானே பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கும், போதிய வசதியுள்ள பெற்றோர் மாதாந்தம் பணம் கொடுக்கவேண்டும் என நீதவான் கட்டளையிடலாம். வேறு குடும்பமாகிப் போய், உழைப்பும் உள்ள தகப்பன்மாரின் பிள்ளைகள் எங்கள் பட்டியல்களில் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் கேட்க உரிமை இல்லை என்று தாய்மார் நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்படியான ஒரு வழக்குக்குச் சட்டத்தரணிக் கூலியை நீங்கள் ஒருமுறை கட்டினால், அது பல வருடப் புலமைப்பரிசிலுக்குச் சமமான உதவியாகலாம். இதுவரை எந்தச் சங்கமும் இதை ஒரு உதவியாகக் கணக்கெடுத்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. தயவுசெய்து எடுங்கள்.

அதே சட்டம் 'போதிய வசதியுள்ள' என்றும் சொல்கிறது. மற்ற வீடுகளின் பிரச்சினை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

1945இலிருந்து கல்வி இலவசம். அரச பல்கலைக்கழகத்தில் விரிவுரைக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லை என்பதால் செலவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாப்பாட்டுக்கு நாளுக்கு 600 ரூபா என்று வைத்தால் மாதம் 18,000. விடுதி கிடைக்காமல் வெளியே போடிங் (வாடகை அறை) எடுத்தால் அதற்கு 6,000. பஸ், போன் டேட்டா, போட்டோக்கொப்பி எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 28,000. அரசின் மாதாந்தப் புலமைப்பரிசிலான மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், அது கிடைக்காத பிள்ளைகளுக்கான உதவிப்பணமான பர்சரி 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்ந்தன. 2025இன் அந்த 7,500ஐக் கழித்தால் மிச்சம் 20,500. உங்கள் ஊர்ப் பிள்ளையிடம் உண்மைத் தொகைகளைக் கேட்டு இந்தக் கணக்கை மாற்றி எழுதுங்கள். கடைசி வரி மட்டும் பெரிதாக மாறாது.

இந்த 20,500ஐத்தான் பெற்றோர் மாதாமாதம் கொடுக்கவேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது கடினம், ஆனாலும் ஒழுங்காகச் செய்யலாம். வயல்காரருக்கு வருமானம் மாதத்தில் வருவதில்லை, போகத்தில் வருகிறது. காலபோக (மாரிமழைப் போக) நெல் தை முதல் பங்குனி வரைதான் வெட்டப்படுகிறது. சிறுபோகம் (கோடைப் போகம்) இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் தண்ணீர் எட்டும் காணிகளுக்கு மட்டும். அதிலும் எல்லா ஏக்கருக்கும் பங்கு கிடைப்பதில்லை. புரட்டாதியிலிருந்து மார்கழி வரை வீட்டில் இருக்கும் காசு முழுவதும் உழவு, விதைநெல், பசளை, கிருமிநாசினி என்று வயலுக்குள் இறங்கிவிடும். முல்லைத்தீவுக் கரையோரத்திலும் அதே மாதங்கள்தான்: வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் சிறு படகுகள் கடலுக்குப் போவது குறைந்துவிடும். ஆக, வயல் வீட்டிலும் கடல் வீட்டிலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கையில் காசு இராது. பிள்ளை அந்த மாதத்தில் போன் எடுத்தால் தாய் கழுத்தில் கிடப்பதைக் கழற்றுவாள்.

நகை அடகு உடனே ஆபத்தில்லை. அறுவடைக் காசில் மீட்பதென்றால் அது வன்னி வீடுகள் காலங்காலமாகச் செய்வதுதான். முதல் வருடம் வைத்த நகையை மீட்காமல் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து, இரண்டாம் வருடம் அதன்மேல் இன்னும் வாங்கி, மூன்றாம் வருடம் ஏலத்துக்கு விடும்போதுதான் அது இழப்பாகிறது. நுண்கடன் இதைவிட மோசம்: கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும் தவணை, போகத்துக்குப் போகம் வருமானம் உள்ள வீட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று போகும். காணியை ஒத்திக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பல, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ளவை. அவற்றைத் தனியாருக்கு ஈடு வைத்து எழுதும் துண்டுக்குச் சட்டத்தில் வலுவில்லை. தகராறு வந்தால் காணிக்காரருக்கும் பாதுகாப்பில்லை, காசு கொடுத்தவருக்கும் இல்லை.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. பெற்றோர் கொடுக்கவேண்டும்: அறுவடையில் கையில் நின்றதிலிருந்து, பிள்ளைக்குத் தொகையைச் சொல்லி. காணியையும் நுண்கடனையும் தொட்டுக் கொடுக்கக்கூடாது. இடையில் விழும் பள்ளத்தை நிரப்புவதுதான் உங்கள் வேலை.

அந்தப் பள்ளம் எல்லா மாதமும் ஒரே ஆழமில்லை. ஆக ஆழமானது முதலாம் வருடத்தின் தொடக்கம். பதிவு, மெத்தை, வாளி, போடிங் முற்பணம், ஆய்வுகூட மேலங்கி, பொறியியல் பிள்ளைக்கு வரைகருவிகள், குளிரான பெலிஹுல்ஓயாவுக்கோ பதுளைக்கோ போகும் பிள்ளைக்குக் கம்பளி என்று எல்லாம் ஒரே மாதத்தில் வரும். மகாபொலவின் முதல் காசு கைக்கு வர மாதக்கணக்காகும். பிறகுதான் நிலுவையோடு வந்து சேரும். படிப்பை இடையில் விடுவது, சாப்பாட்டை ஒருநேரமாக்குவது, விரிவுரைக்குப் போகாமல் வேலைக்குப் போவது எல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் தொடங்குகின்றன.

நீங்கள் இப்போது கொடுக்கும் விதம் இதற்குப் பொருந்தவில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் மேடையேற்றி லப்டொப் கொடுக்கிறீர்கள். நல்ல பொருள்தான், ஆனால் லப்டொப்போடு பசித்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மருத்துவம், பொறியியல் கிடைத்த பிள்ளைக்கு மூன்று சங்கங்கள் தனித்தனியே கொடுக்க, அதே வகுப்பில் கலைப்பீடம் போன பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. முதல் வருடம் கொடுத்துவிட்டு, பொறுப்பாளர் மாறியதும் அறிவிக்காமல் நிறுத்திவிடுகிறீர்கள். பெற்றோரின் படத்தோடு முகநூலில் போடுகிறீர்கள். இந்தக் கடைசி ஒன்றை நிறுத்தச் சொல்லி மன்றாடுகிறோம். இருபது வயதுப் பிள்ளையின் வறுமை அதன் சகமாணவரின் போனில் வரவேண்டியதில்லை.

மாற்றிச் செய்ய வழி இருக்கிறது. வருடத்துக்கு 1,20,000 ரூபா ஒதுக்க முடிந்தால் அதைப் பன்னிரண்டாகச் சமமாகப் பிரிக்காதீர்கள். முதலாம் வருடப் பிள்ளைக்குப் பதிவு மாதத்திலேயே 30,000. ஐப்பசி முதல் தை வரை நான்கு மாதமும் மாதம் 12,000. மிச்ச 42,000ஐ மற்ற ஏழு மாதங்களுக்கும் ஆறாயிரமாகப் போடலாம். காசு பிள்ளையின் சொந்தப் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு நேரே போகவேண்டும், இடையில் ஆள் வேண்டாம். எத்தனை வருடம் என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். நான்கு வருடப் பட்டம் வேலைநிறுத்தங்களால் இழுபட்டுப் போவது நாட்டில் புதிதல்ல. ஆறு மாதம் கூடினால் என்ன செய்வீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். கடைசி வருட ஆய்வுக்கு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அது எப்போதும் மறந்துபோகும் செலவு.

விண்ணப்பப் பத்திரங்களில் நடக்கும் தவறுகளும் காசைத் தடுக்கின்றன. வருமானத்தை எழுதும்போது நெல் மூடைக் கணக்கை அப்படியே விலையால் பெருக்கி எழுதுகிறார்கள். உழவு, பசளை, வெட்டுக் கூலி கழிக்கப்படுவதில்லை. தாளில் வசதியான வீடாகிவிடுகிறது, பிள்ளை பட்டியலில் கீழே போகிறது. கிராம அலுவலர் தரும் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லாமல் அனுப்புவது இன்னொன்று. தகப்பன் காணாமலாக்கப்பட்ட வீடுகளில் அந்த நிரலை வெறுமையாக விடுகிறார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்க்கு, 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி காணாமற்போனவர் குறித்து வழங்கப்படும் சான்றிதழ் உண்டு என்பதைச் சொல்லுங்கள். பிறகு, மகாபொல கிடைக்காத பிள்ளை பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் பர்சரிக்கு விண்ணப்பிக்கவேண்டும். கேட்டுப் போனால்தான் பல இடங்களில் பத்திரம் கையில் கிடைக்கும்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் உங்கள் பட்டியலில் வருவதே இல்லை. வவுனியாவிலும் மன்னாரிலும் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் உயர் தேசிய டிப்ளோமா படிப்பவர்கள், கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தொழில் படிப்பவர்கள், இவர்களுக்கும் பஸ்ஸும் சாப்பாடும் உண்டு. கற்கைக்காலம் குறைந்த நெறிகளில் உங்கள் ஒரே தொகை இருவருக்குக்கூடப் போதலாம்.

கடைசியாக ஒன்று, ஏமாற்று. உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையே பட்டம் தருவதாகச் சொல்லி விளம்பரம் வரும். நகையையும் காணியையும் கூடுதலாக விழுங்குவது இந்த வழிதான். காசு கட்டுமுன் இரண்டு கேள்வி: உள்நாட்டு நிறுவனமென்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா? வெளிநாட்டுப் பட்டமென்றால் அதை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் கட்டவேண்டாம். அங்கீகாரமுள்ள சில தனியார் பட்டங்களுக்கு அரசின் வட்டியில்லா மாணவர் கடன் 2017 முதல் உண்டு. பெற்றோர் காணியைத் தொடுமுன் அதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

பல்கலைக்கழக அனுமதிக்கான அடுத்த வெட்டுப்புள்ளி வெளிவருமுன், ஒவ்வொரு சங்கமும் இங்கே ஊரில் உள்ள ஒருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பாடசாலை அதிபரிடம் எழுதிக் கொடுங்கள். பதிவு மாதத்துக் காசு அவர் கையொப்பத்தோடு ஏழு நாளுக்குள் பிள்ளையின் கணக்குக்குப் போகக்கூடியதாக இருக்கட்டும். அதே அதிபரிடம் மற்றச் சங்கங்களின் பட்டியலும் இருக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு முறை கொடுப்பதை அங்கேயே தவிர்க்கலாம்.

இப்படிக்கு,
கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உயர்தர மாணவரின் விண்ணப்ப வேலைகளுக்கு உதவும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும்