வலி தெரிகிறதே, அதுவே போதும்

அன்புள்ள தாயி,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ரெண்டு மாதமாக உனக்குக் குதிகால் வலி என்பதை உன் தோழி சொல்லித்தான் அம்மா தெரிந்துகொண்டாள். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்த மாதிரி குத்துகிறதாம், நாலு எட்டு நடந்தால் அடங்குகிறதாம். அம்மா அழுதாள். எனக்கு, தப்பாக நினைக்காதே, கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. வலி தெரிகிறதே.

27 வருடம் பெரியார் நிலையத்துக்கும் திருமங்கலத்துக்குமாக நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவன் நான். முதலில் உள்ளங்காலில் எரிச்சல் வந்தது. அப்புறம் பஞ்சை மிதிக்கிற மாதிரி மதமதப்பு. நிற்கிற பிழைப்பு, இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சுகர் மாத்திரையும் நினைத்தால்தான் போடுவேன். அந்தத் தையில் வழக்கம்போல வெறுங்காலோடு பழனிக்கு நடை. வாடிப்பட்டி தாண்டி ஒரு கொட்டகையில் படுத்திருந்தபோது, பக்கத்துச் சாமி ஒருவர்தான் என் துண்டில் ரத்தத்தைப் பார்த்தார். விரலடியில் கருவேல முள். எத்தனை மைல் அதன் மேலேயே நடந்தேனோ, துளி வலி இல்லை. முருகன் அருள் என்று பெருமை வேறு! மஞ்சளை அப்பிக் கட்டிக்கொண்டு மலையேறி இறங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். சுண்டுவிரல் போனது உனக்குத் தெரியும். செருப்புக் கடி என்று உன்னிடம் சொன்னது பொய்.

ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார் டாக்டர். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. "எப்ப சார் தொடுவீங்க?" என்று கேட்டேன். அவர் தொட்டு முடித்திருந்தார். சுகர் என் காலில் உணர்ச்சியையே தின்றிருந்தது.

போன வாரம் அவரிடமே உன் வலியையும் கேட்டேன். குதிகாலிலிருந்து விரல் வரை அடிப்பாதத்தில் ஒரு நார் பட்டையாக ஓடுகிறதாம். உன்னை மாதிரி கடையில் டைல்ஸ் தரையில் நாள் முழுக்க நின்றால் அது நைந்துபோகும். ராத்திரி இறுகிக் கிடந்தது காலையில் சட்டென்று இழுபடுவதால்தான் முதல் அடி குத்துகிறது. பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரியாகும், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும் என்றார். படுக்கையை விட்டு இறங்கும் முன்னால் கால் விரல்களைக் கையால் பிடித்து உன் பக்கமாக இழுத்து வை. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டு. பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துப் பாதத்தடியில் உருட்டு. இருந்தாலும் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடு. மதமதப்போ வீக்கமோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதே.

கடையில் ஸ்டூல் கேட்கக் கூச்சப்படாதே. வேலைக்கு நிற்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 2021இலேயே நம் மாநிலத்தில் சட்டம் போட்டாகிவிட்டது. சூப்பர்வைசர் முறைத்தால் முறைக்கட்டும். புதுச் செருப்பைச் சாயங்காலமாகப் போய் வாங்கு, கால் லேசாக உப்பியிருக்கும் நேரத்தில்தான் சரியான அளவு தெரியும்.

செங்கல்லைச் சுட்டு எருக்கிலை போட்டுக் குதிகாலை வைக்கச் சொல்கிறாள் அம்மா. சென்னையில் எருக்கிலைக்கு எங்கே போவாய் என்றேன், முறைத்தாள். எனக்கு மட்டும் அது கூடாதாம். சூடு தெரியாமல் வெந்துவிடுவேனாம். வாசலைத் தாண்டிச் செருப்பு வரக்கூடாது என்று இருந்தவள், இப்போது நான் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடாமல் அடுப்படிக்குப் போனால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள்.

டாக்டரிடம் போன அன்றே போன் போடு. ஒன்பது மணிக்கு மேல் போடு. அதற்கு முன்னால் அம்மா என் காலை மடியில் தூக்கி வைத்து, விரல் இடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
அப்பா