உமையாளுக்கு, செப்டம்பர் வருவதற்குள்

அன்புள்ள உமையாள்,

உன் மெயில் நேற்று ராத்திரி வந்தது. அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்து முடித்தவர்களுக்கு மேல்பயிற்சி தருகிற ரெசிடென்சி புரோகிராமில் கோஆர்டினேட்டர் வேலை கிடைத்திருக்கிறது என்று படித்ததும் ஆத்தாவை எழுப்பிச் சொன்னேன். நான் 16 வருஷம் அங்கே பார்த்த அதே வேலைக்கு நீ வந்திருக்கிறாய், எனக்கு வேறென்ன வேண்டும்! ஆத்தாவுக்கு முட்டிவலிதான், மற்றபடி சௌக்கியம். போன மாதம் எங்கள் வீட்டில் முன்னோரைக் கும்பிடுகிற படைப்பு. பூட்டியே கிடந்த இரண்டாங்கட்டைத் திறந்து ஒட்டடை அடித்து, பித்தளை அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்து வளவில் கவிழ்த்து, ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுப்பதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. பங்காளிகள் வந்து உட்கார்ந்தது ஒரே நாள்தான்.

பிள்ளைகளின் ரெசிடென்சி விண்ணப்பங்கள் ஆன்லைனில் வந்து சேர்கிற ஈராஸும் அப்படித்தான். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலையில் அத்தனை விண்ணப்பமும் ஒரே சமயத்தில் உங்கள் திரைக்கு வந்து நிற்கும். முதல் நாளே அனுப்பிய பிள்ளைக்கும் கடைசி நாளில் அனுப்பிய பிள்ளைக்கும் ஒரே தேதிதான் விழும், அதனால் "சீக்கிரம் வந்தவர்" என்று யாருக்கும் தனி வரிசை வேண்டாம். அதற்கு முன்னால் இருக்கிற இந்த இரண்டு மாதம்தான் உன் கையில் இருப்பது.

முதலில் சாவிக்கொத்து. யார் விண்ணப்பத்தைப் படிக்கலாம், யார் மதிப்பெண் போடலாம், யார் இன்டர்வியூ தேதி அனுப்பலாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். போன வருஷம் வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள் இன்னும் இருக்கும், அவற்றை எடுத்துவிடு. அப்புறம் புதிதாக வந்த டாக்டர்களை ஒரு நாள் உட்கார வைத்துப் பழைய விண்ணப்பம் ஒன்றைக் காட்டு. இப்போது பிள்ளைகள் தங்கள் அனுபவங்களில் 10 மட்டும்தான் எழுத முடியும், அதிலும் 3 மிக முக்கியமானவை என்று குறிக்கலாம். டாக்டர்கள் நேராக மதிப்பெண்ணுக்குப் போய்விடுகிறார்கள், அந்த மூன்றை முதலில் படிக்கச் சொல். எந்த புரோகிராம் மேல் உண்மையான ஆசை என்று பிள்ளைகள் காட்டுகிற சிக்னலும் இப்போது இருக்கிறது. அதற்கு நீங்கள் எவ்வளவு எடை கொடுக்கப் போகிறீர்கள் என்பதை விண்ணப்பம் வருவதற்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வந்த பிறகு பேசினால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

சரி, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே ஃபில்டருக்காகத்தான்.

ஒரு வருஷம் நான் வேலை பார்த்த இடத்தில், முந்தைய சீசனில் சேமித்து வைத்த ஃபில்டர் அப்படியே கிடந்தது. படிப்பு முடித்து 5 வருஷத்துக்கு மேல் ஆனவர்களை அது ஒதுக்கிவிடும். அந்த விதி இனி வேண்டாம் என்று டைரக்டர் சொல்லியிருந்தார், நானும் எடுத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். அக்டோபர் கடைசியில் ஒரு டாக்டர் மிக மரியாதையாக நாலு வரி மெயில் போட்டார், தன் விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று. தேடிப் பார்த்தால் வந்திருக்கிறது, யாரும் திறக்கவே இல்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 7 வருஷம் வேலை பார்த்தவர் உமையாள், எங்கள் புரோகிராம் தேடிக்கொண்டிருந்த ஆளே அவர்தான். அவரைக் கூப்பிட்டோம், ஆனால் இன்டர்வியூ நாட்கள் பெரும்பாலும் நிறைந்துபோன பிறகு. அவரைப் போல எத்தனை பேர் அந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஃபில்டரை எடுத்துவிட்டு எண்ணியபோது எனக்குக் கை நடுங்கியது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அதனால் பழைய ஃபில்டர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு. ஒவ்வொன்றைப் போடும்போதும், போடுவதற்கு முன் எத்தனை பேர், போட்ட பின் எத்தனை பேர் என்று நோட்டில் எழுது. காணாமல் போனவர்களில் ஒரு இருபது பேரையாவது திறந்து படி. அமெரிக்காவில் டாக்டர் உரிமத்துக்கு எழுதுகிற யு.எஸ்.எம்.எல்.இ.யின் மூன்று தேர்வுகளில் முதல் தேர்வுக்கு 2022 ஜனவரி கடைசியிலிருந்து மதிப்பெண்ணே கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். பழைய எண்ணை வைத்துப் போட்ட ஃபில்டர் எங்காவது ஒளிந்திருந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார்.

இன்னொன்று, இரு தரப்பின் விருப்ப வரிசையையும் வைத்து எந்தப் பிள்ளைக்கு எந்த புரோகிராம் என்று பொருத்துகிற மேட்சை நடத்துவது வேறு அமைப்பு. உங்கள் இடங்களின் எண்ணிக்கையை அங்கே தனியாகப் பதிய வேண்டும், ஈராஸில் போட்டது அங்கே தானாகப் போகாது. ரேங்க் பட்டியலுக்கும் அங்கேதான் கெடு. நாள்காட்டியில் இரண்டையும் வேறு வேறு நிறத்தில் குறித்துக்கொள்.

பக்கத்து வீட்டுப் பெண் சிவகங்கை மெடிக்கல் காலேஜில் கடைசி வருஷம், அவளும் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கப் பார்க்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் முகப்புத் திண்ணைக்கு வந்துவிடுவாள். புரோகிராம் ஒவ்வொன்றின் பக்கத்தையும் திறந்து விசா விவரம் தேடுகிறோம். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கான ஜே1 விசா மட்டுமா, வேலைக்கான எச்1பி விசாவும் உண்டா, எச்1பி என்றால் மூன்றாம் தேர்வையும் முடித்திருக்க வேண்டுமே, எதுவும் பல இடங்களில் தெளிவாக இல்லை. 30 புரோகிராமுக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் ஏறுகிறது. அவள் அப்பாவுக்குக் கொப்புடையம்மன் கோயில் பக்கம் சின்ன ஸ்டேஷனரி கடை. தனக்கு இடமே இல்லாத புரோகிராமுக்கு அந்தக் கடைப் பணத்தில் கட்டணம் கட்டிவிடுவாளோ என்று எனக்கு ஒவ்வொரு வாரமும் பயம்.

உங்கள் புரோகிராமின் பக்கத்தில் விசா பற்றி என்ன போட்டிருக்கிறது என்று நாளைக்கே பார். தெளிவாக இல்லையென்றால் டைரக்டரிடம் கேட்டு ஒரு வரி எழுதிவிட்டு எனக்குச் சொல், அவளிடம் காட்டுகிறேன்.

அடுத்த வாரம் பெரியண்ணன் மகன் கிளம்புகிறான். மனகோலமும் சீப்புச் சீடையும் கொடுத்துவிடச் சொல்லி ஆத்தா இப்போதே மாவு அரைக்கச் சொல்லிவிட்டார். முகவரி சரிதானா என்று ஒரு தடவை எழுதிவிடு.

அன்புடன்,
வள்ளி
காரைக்குடி