மீக்காத்தில் நிறுத்தாமல் கடந்த வாகனம் – புகார்

அனுப்புநர்:
உம்ரா பயணி (முன்பதிவு விவரம் இணைப்பில்),
காயல்பட்டினம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
மக்கா – மதீனா வாகனப் பிரிவு, சென்னை அலுவலகம்.

நாள்: 05.02.2024

பொருள்: 20.01.2024 அன்று மதீனாவிலிருந்து மக்காவுக்கு அனுப்பிய வாகனம், மதீனாவிலிருந்து வருவோர் இஹ்ராம் கட்ட வேண்டிய எல்லையான (மீக்காத்) துல்ஹுலைஃபாவில் நிறுத்தாமல் கடந்தது, உங்கள் அலுவலகம் தவறான மார்க்க விளக்கம் கொடுத்தது, கூடுதல் பணம் வாங்கியது தொடர்பாக.

அஸ்ஸலாமு அலைக்கும் (வரஹ்).

மக்கா புனிதப் பயணமான உம்ராவை முடித்து ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. அல்ஹம்துலில்லாஹ், உம்ரா நிறைவேறியது. ஆனால் அதற்கு முந்தைய பகலில் உங்கள் வாகனத்தில் நாங்கள் பட்டதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்கு அடுத்து அதே வண்டியில் ஏறப்போகிறவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, 12 வயது மகன், மாமி, என் உம்மா. உம்மாவுக்கு 71 வயது. முழங்கால் தேய்ந்து சக்கர நாற்காலியில்தான் போகவர முடியும். மதீனாவிலிருந்து மக்காவுக்கு ஹரமைன் ரயில் இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதை விட்டுவிட்டு 600 ரியாலுக்கு உங்கள் வாகனத்தை ஏன் எடுத்தேன் என்பதை முன்பதிவின்போதே உங்கள் ஊழியரிடம் சொன்னேன். ரயில் துல்ஹுலைஃபாவில் நிற்காது. இருக்கையில் உட்கார்ந்தபடியே உம்ராவுக்கான நிய்யத் (மனதில் உறுதி) வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் கூடும்தான். ஆனால் நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் கட்டிய, அதாவது புனிதப் பயணத்துக்கான கட்டுப்பாட்டு நிலைக்குள் நுழைந்த, இடத்தில் இறங்கி, வுளூச் செய்து, இரண்டு ரக்அத் தொழுது, அங்கிருந்து 'லப்பைக்' என்னும் தல்பியா முழக்கத்தைச் சொல்லிப் புறப்பட வேண்டும் என்பது உம்மாவின் பல வருட ஆசை. "இன்ஷா அல்லாஹ், அங்கே முக்கால் மணி நேரம் நிறுத்துவோம்" என்று உங்கள் ஊழியர் வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார். முன்பணமாக 300 ரியாலுக்கு ஈடாக 6,700 ரூபாய் அனுப்பினேன். அந்த நிறுத்தத்துக்காகத்தான் உங்கள் வண்டி. இதை மனதில் வைத்து மீதியைப் படியுங்கள்.

சுபுஹுக்குப் (வைகறைத் தொழுகைக்குப்) பிறகு காலை 7 மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி 9.50-க்கு வந்தது. அறையைக் காலி செய்துவிட்டோம். ஜனவரி மாத மதீனாக் குளிரில் ஹோட்டல் வாசலுக்கும் வரவேற்பறைக்கும் உம்மாவைத் தள்ளிக்கொண்டு அலைந்தோம். சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடமுள்ள புதிய வேன் கேட்டிருந்தேன், வந்தது பழைய வண்டி. நாற்காலியைக் கடைசி இருக்கையில் படுக்கவைத்து, மகன் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். இதையெல்லாம் நான் பெரிதுபடுத்தவில்லை. பயணம் என்றால் இப்படி நடக்கத்தான் செய்யும்.

நானும் மகனும் ஹோட்டலிலேயே குளித்து இஹ்ராம் துணி உடுத்தியிருந்தோம். நிய்யத் வைக்கவில்லை, அது துல்ஹுலைஃபாவில் என்று இருந்தோம். வண்டி கிளம்பியபோதே ஓட்டுநரிடம் சொன்னேன். அங்கே எல்லோரும் அந்த இடத்தை 'அப்யார் அலி' என்றுதான் சொல்கிறார்கள் என்பதால் அந்தப் பெயரையும் சொன்னேன். தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "ஆகே, ஆகே" என்றார். முன்னால் இருக்கிறதாம். மஸ்ஜிதுந் நபவியிலிருந்து துல்ஹுலைஃபா ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். ஆனால் ஊருக்குப் புதியவனுக்கு எந்தச் சுற்றுச்சாலை எங்கே சேர்கிறது என்று எப்படித் தெரியும்? காலையிலிருந்து காத்திருந்த களைப்பில் உம்மா கண்ணயர்ந்துவிட்டார்கள். இருபக்கமும் கறுத்த மலைகள் மட்டும் தெரியத் தொடங்கியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்து கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தேன். துல்ஹுலைஃபா 58 கிலோமீட்டர் பின்னால் கிடந்தது.

இடம் இதுதான் என்று தெரிந்திருந்தால் ஓடும் வண்டியிலேயே நிய்யத் வைத்திருப்போம். நிறுத்தப் போகிறார் என்று நம்பிக் காத்திருந்ததால்தான் நிய்யத் இல்லாமல் எல்லையைக் கடந்தோம்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். "மஸ்ஜிதே ஆயிஷாவில் கட்டிக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான்" என்றார் ஓட்டுநர். அவர் சொன்னது அறியாமை என்று எடுத்துக்கொண்டு உங்கள் சென்னை எண்ணுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன். 38 விநாடிக் குரல் பதிவு ஒன்று வந்தது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாய், டென்ஷன் ஆகாதீங்க. மக்கா போய் ஆயிஷா பள்ளியில இஹ்ராம் கட்டிக்கலாம். நம்ம கஸ்டமர் நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க. உம்ரா கூடிடும்."

இந்த 38 விநாடிதான் என் முதன்மையான புகார்.

தன்யீமில் உள்ள ஆயிஷா பள்ளி, மக்காவுக்குள் இருப்பவர்கள் உம்ராவுக்காக ஹரம் எல்லைக்கு (மக்காவைச் சூழ்ந்த புனித எல்லைக்கு) வெளியே போய் இஹ்ராம் கட்டி வரும் இடம். நபியவர்களின் இறுதி ஹஜ்ஜான ஹஜ்ஜத்துல் வதாவின்போது அவர்களுடைய மனைவி ஆயிஷா (ரலி) அவர்களைச் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அங்கே அனுப்பிவைத்ததால் அந்தப் பெயர். மதீனாவிலிருந்து உம்ரா நாடி வருகிறவனுக்கு அது மீக்காத் ஆகாது. மதீனாவாசிகளுக்கும் அந்த வழியாக வருவோருக்கும் துல்ஹுலைஃபா, ஷாம்வாசிகளுக்கு ஜுஹ்ஃபா, நஜ்துவாசிகளுக்கு கர்னுல் மனாஸில், யமன்வாசிகளுக்கு யலம்லம் என்று நபி (ஸல்) அவர்களே எல்லை வகுத்துவிட்டார்கள். அந்த எல்லையை இஹ்ராம் இல்லாமல் கடந்தவன் திரும்பிப் போக வேண்டும். போகாமல் உள்ளே வந்து கட்டினால் தம் கொடுக்க வேண்டும், அதாவது ஹரம் எல்லைக்குள் ஓர் ஆடு அறுத்து அங்குள்ள ஏழைகளுக்கு வழங்க வேண்டும். எங்கள் ஊர் மதரஸாவில் ஓதும் பிள்ளைக்குத் தெரிந்த சட்டம் இது. யாத்ரீகர்களை ஏற்றி அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் அலுவலகத்துக்குத் தெரியாதா? தெரிந்தும் சொன்னீர்களா? எதுவாக இருந்தாலும் அது கவலைக்குரியது.

என் பாட்டனார் பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர். யலம்லமுக்கு நேரே கப்பல் வந்தபோது அறிவித்ததையும், தளம் முழுக்க வெள்ளைத் துணியாக மாறியதையும் அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். இன்று விமானத்தில்கூட மீக்காத் நெருங்குகிறது என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். கடலிலும் வானத்திலும் பேணப்படுகிற ஒன்றை, பள்ளிவாசலும் குளியலறைகளும் வாகனம் நிறுத்த இடமும் வாசலிலேயே இருக்கும் ஒரு தரைவழியில் உங்களால் பேண முடியவில்லை.

திரும்பிப் போக வேண்டும் என்று நான் உறுதியாகச் சொன்னதும் ஓட்டுநர் 250 ரியால் கூடுதலாகக் கேட்டார். பெட்ரோலுக்காம். உங்கள் அலுவலகத்திலிருந்து, "டிரைவர்கிட்ட பேசி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று ஒரு வரி வந்தது. திரும்பும் வளைவு தேடிப் போய் வந்ததையும் சேர்த்தால் கூடுதல் ஓட்டம் 130 கிலோமீட்டர். அங்கே 91 ரகப் பெட்ரோல் லிட்டர் 2.18 ரியால். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 13 லிட்டர், 28 ரியால் சொச்சம். அந்த 28 ரியால்கூட நான் தர வேண்டியதல்ல. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் போனது நானில்லை.

துல்ஹுலைஃபாவுக்கு வந்துசேர்ந்தபோது லுஹர் (நண்பகல் தொழுகை) பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூக்கம் கலைந்து விஷயம் தெரிந்ததிலிருந்து உம்மா ஒன்றும் பேசவில்லை. பள்ளியில் தொழுதுவிட்டு நிய்யத் வைத்து, "லப்பைக்க அல்லாஹும்ம லப்பைக்" என்று மகன் சொல்லிக்கொடுக்கக் கொடுக்கச் சொன்னபோதுதான் அவர்களுடைய குரல் திரும்பியது. மாமி அழுதுவிட்டார்கள்.

மீண்டும் கிளம்பியபோது மணி 1.30 தாண்டிவிட்டது. பாதி வழிக்கு மேல் ஓட்டுநருக்குக் கண் சொருகத் தொடங்கியது. பேச்சுக் கொடுத்தபோது சொன்னார்: முந்தைய நாள் ஜித்தாவிலிருந்து மக்கா, இரவு மக்காவிலிருந்து மதீனா, விடிந்ததும் எங்களைத் தேடி ஹோட்டல். காலையில் தாமதமானது ஏன் என்று அப்போது புரிந்தது. காரிலேயே கொஞ்சம் தூங்கியிருக்கிறார் மனிதர். ஏறக்குறைய 450 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில், 120-க்கு மேல் பறக்கும் வண்டிகளுக்கு நடுவே, சரியாக உறங்காத ஒருவரிடம் ஐந்து உயிர்களை ஒப்படைத்திருக்கிறீர்கள். அவருக்கும் ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். மீக்காத்தில் நிறுத்த அவர் மறந்ததற்கும், 'எல்லாரும் அப்படித்தான்' என்று சுருக்குவழி சொன்னதற்கும் பாதிக் காரணம் அந்தத் தூக்கம்தான் என்று நினைக்கிறேன். ஆகவே அவரை வேலையை விட்டு எடுத்துவிட்டோம் என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள். அது எனக்குத் தேவையில்லை. அவருக்கு இரண்டு பயணத்துக்கு நடுவே ஓய்வு கொடுங்கள்.

மக்காவுக்கு முந்தைய சோதனைச் சாவடி தெரிந்ததும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, காவலர் கேட்டால் நாங்கள் அவருடைய நண்பர்கள், வாடகைக்கு வரவில்லை என்று சொல்லச் சொன்னார். அப்போதுதான் அது வாடகை உரிமம் இல்லாத தனியார் வண்டி என்று தெரிந்தது. இஹ்ராமில், தல்பியா ஓதிக்கொண்டு ஹரம் எல்லைக்குள் நுழையப் போகிறவர்களிடம் பொய் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? என் மகன் என் முகத்தையே பார்த்தான். கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன் என்றேன். காவலர் கேட்கவில்லை, கையசைத்து அனுப்பிவிட்டார். கேட்டிருந்தால் நடுச்சாலையில் சக்கர நாற்காலியும் எட்டுப் பெட்டியுமாக நின்றிருப்போம்.

மக்கா ஹோட்டல் வாசலில் இஷாவுக்குச் (இரவுத் தொழுகைக்குச்) சற்று முன் இறங்கினோம். மீதி 300 ரியாலோடு அந்த 250-ஐயும் வைத்தால்தான் பெட்டிகளை இறக்குவேன் என்றார் ஓட்டுநர். கொடுத்தேன். இஹ்ராமில் நிற்பவன் தர்க்கத்துக்கு நிற்கக் கூடாது என்பதால் கொடுத்தேன். அதை வாடிக்கையாளர் சம்மதித்துக் கொடுத்த பணம் என்று உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். அஸருக்குப் (பிற்பகல் தொழுகைக்குப்) பிறகு கஅபாவைச் சுற்றும் தவாஃப் என்று திட்டமிட்டிருந்தோம். உம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டதால் நள்ளிரவுக்குப் பிறகுதான் ஹரம் பள்ளிக்குப் போக முடிந்தது. ஸஃபா – மர்வா குன்றுகளுக்கு இடையிலான ஸஃயீ முடித்து முடி வெட்டும்போது சுபுஹு நெருங்கிவிட்டது.

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குரல் பதிவு. "நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க" என்று உங்கள் ஊழியர் சொன்னார். அது உண்மையானால், உங்கள் பேச்சை நம்பி மீக்காத்தைக் கடந்து தன்யீமில் இஹ்ராம் கட்டியவர்கள், தங்கள் மீது தம் கடமையாகியிருப்பது தெரியாமலே ஊர் திரும்பி இருக்கிறார்கள். அவர்களுடைய எண்கள் உங்களிடம் இருக்கின்றன. மதீனாவிலிருந்து உங்கள் வாகனத்தில் வந்த ஒவ்வொருவருக்கும், துல்ஹுலைஃபாவில் நிறுத்தப்பட்டதா என்று கேட்டு, இல்லையென்றால் தங்கள் ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) மஸ்அலா (மார்க்கச் சட்டம்) கேட்டுக்கொள்ளும்படி எழுதுங்கள். வெட்கமாக இருக்கலாம், செலவும் ஆகலாம். ஆனாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். உம்மா என்னிடம் வற்புறுத்தியதும் இது ஒன்றைத்தான். பணத்தைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை.

பணத்தைப் பற்றி நான் பேசுகிறேன். கூடுதலாக வாங்கிய 250 ரியாலைத் திருப்பித் தர வேண்டும். உரிமம் இல்லாத வண்டியை அனுப்பியதற்கும் தாமதத்துக்கும் வாடகையில் பாதியான 300 ரியாலையும் தர வேண்டும். இரண்டும் சேர்த்து 550 ரியால், ரியாலுக்கு 22 ரூபாய் வீதம் 12,100 ரூபாய்.

இனிமேல் மதீனா – மக்கா பயணச் சீட்டில் 'மீக்காத்' என்று மொட்டையாக எழுதாமல், 'துல்ஹுலைஃபா (அப்யார் அலி), 45 நிமிடம், கூடுதல் கட்டணம் இல்லை' என்று தமிழிலும் அரபியிலும் உருதுவிலும் அச்சிடுங்கள். ஓட்டுநர் படிக்கிற மொழியில் இருந்தால் பயணி கெஞ்ச வேண்டியிருக்காது. மார்க்கக் கேள்வி வந்தால் வாகனம் அனுப்பும் ஊழியர் பதில் சொல்லக் கூடாது, ஓர் ஆலிமின் எண்ணைக் கொடுத்தால் போதும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். முன்பதிவுச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் நகல், குரல் பதிவு, வண்டியின் நம்பர் பலகைப் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

பதிலை எழுத்தாக, பொறுப்பில் இருப்பவரின் கையொப்பத்தோடு அனுப்புங்கள். குரல் பதிவாக அனுப்ப வேண்டாம்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாகனத்தில் வந்த பயணி