கரித்துண்டின் வயதும் குழியின் ஆழமும்

ஆசிரியருக்கு,

அகழாய்வுச் செய்திகளில் 'இத்தனை அடி ஆழத்தில் கிடைத்ததால் மிகப் பழமையானது' என்ற வரி அடிக்கடி வருகிறது. இது தவறு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் 130 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரியின் காலம் (அதில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து கணித்தது) கி.மு. 2172. கீழடியில் 353 செ.மீ. ஆழத்துக் கரிக்கோ கி.மு. 580. மார்பளவுக் குழியில் கிடைத்தது, இரண்டாள் ஆழக் குழியில் கிடைத்ததைவிடச் சுமார் 1,600 ஆண்டு மூத்தது! ஓர் ஊரில் மண் எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது, மழை எவ்வளவு அரித்துக்கொண்டு போனது என்பதைப் பொறுத்ததுதான் ஆழம். ஊருக்கு ஊர் அதை ஒப்பிட முடியாது.

ஒரே இடத்திலும் சிக்கல் உண்டு. மயிலாடும்பாறையில் 104 செ.மீ.யில் எடுத்த இன்னொரு கரி கி.மு. 1615-ஐச் சேர்ந்தது. ஆழ வித்தியாசம் 26 செ.மீ., கால வித்தியாசம் 557 ஆண்டு. இப்படிப்பட்ட மண்ணில் ஓர் எலிவளையோ மரவேரோ பிற்காலத்தார் கம்பம் நடத் தோண்டிய குழியோ ஒரு சாண் இறங்கினாலே சில நூற்றாண்டுகள் கலந்துவிடும். அதனால்தான் மண்ணைச் சம அளவில் வெட்டாமல், நிறமும் இறுக்கமும் மாறும் இடத்தில் நிறுத்தி, கரணையால் சுரண்டிப் பார்க்கிறார்கள். அப்படிப் பிற்காலத்தில் தோண்டிய குழியின் விளிம்பு தெரிந்தால் முதலில் அதற்குள் இருக்கும் மண்ணை மட்டும் அள்ளித் தனியாக வைக்க வேண்டும்; பிறகுதான் சுற்றியுள்ள அடுக்கைத் தொட வேண்டும். வெயிலில் காய்ந்த மண் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். அகழாய்வுக் குழியின் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் அடுக்குகள் எழும். படமும் வரைபடமும் எடுக்க அதுவே நேரம். வேலையை விரைவுபடுத்த இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஆய்வகம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பயனில்லை.

கரி எடுப்பதிலும் பிழை நேரும். பஞ்சிலோ காகிதத்திலோ சுற்றினால் புதிய கரிமம் ஒட்டும். அலுமினியத் தாள்தான் சரி. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். பெரிய மரத்தின் உள்வைரம் (முதலில் வளர்ந்த நடுப்பகுதி) எரிந்த கரி என்றால், அடுப்பு மூட்டிய காலத்தைவிட நூறு, இருநூறு ஆண்டு முந்தைய வயதைக் காட்டக்கூடும். ஒரே பருவத்தில் விளையும் தானியத்தில் இந்தத் தொல்லை இல்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் தந்த கி.மு. 1155 என்ற காலத்துக்கு அந்த வகையில் தனி மதிப்பு உண்டு.

இன்னொன்று. கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில் கரிம அளவை ஆண்டாக மாற்ற உதவும் அளவுகோட்டு வளைவு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அதற்குள் விழும் மாதிரிக்கு ஆய்வகம் தருவது ஓர் ஆண்டல்ல, நூற்றாண்டுகள் அகலமான வரம்பு. கீழடியின் 580 இந்தத் தட்டைக்குள்தான் இருக்கிறது. செய்தியிலோ ஒற்றை எண் மட்டும் வருகிறது.

இரும்பின் தொன்மையைச் சொல்லும்போதும் நினைவிருக்க வேண்டும்: அளந்தது பெரும்பாலும் இரும்பை அல்ல, அதே அடுக்கில் இருந்த கரியை. இரண்டும் ஒரே காலத்தில் அங்கே விழுந்தன என்பதற்குச் சான்று அடுக்கு வரைபடம் ஒன்றே.

ஆகவே காலத்தை வெளியிடும்போது மாதிரி என்ன பொருள், எந்தக் குழி, எந்த அடுக்கு, ஆண்டு வரம்பு என்ன ஆகிய நான்கையும் சேர்த்து அச்சிடுங்கள். இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
தொல்லியல் ஆர்வலர்கள், கிருஷ்ணகிரி