கோடு போடும் முன்பு: தீவுகளுக்கு உரிமை கோரும் அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

தொலைதூரத் தீவுகளுக்கு உரிமை கோரி நிற்கும் அரசுகளின் வெளியுறவு அமைச்சகங்களுக்கும் அவற்றின் சட்ட ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். எந்தத் தீவு எந்த நாட்டுக்குச் சேர வேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தீவு வழக்குகளின் தீர்ப்புகளைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகன் நான். உரிமையை நிறுவ நீங்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவரும் சான்றுகளில் யார் இடம்பெறவில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

பால்மாஸ் தீவு வழக்கில் 1928-இல் நடுவர் மாக்ஸ் ஹூபர் அளித்த தீர்ப்பை நீங்கள் அனைவருமே மேற்கோள் காட்டுகிறீர்கள். ஒரு தீவை முதலில் கண்டதாகச் சொன்னால் மட்டும் போதாது, அங்கே அரசின் அதிகாரம் அமைதியாகவும் தொடர்ச்சியாகவும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்றார் அவர். நல்ல விதிதான். ஆனால் ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் இடத்தில் அதிகாரம் செலுத்தியதை எதைக் கொண்டு காட்டுவது? காகிதத்தைக் கொண்டுதான். பிரிட்டனும் பிரான்சும் மோதிய மென்கியே, எக்ரிஹோ வழக்கில், அந்தப் பாறைகளில் கண்டெடுக்கப்பட்ட பிணங்களுக்குப் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட ஜெர்சி தீவின் அதிகாரிகள் விசாரணை நடத்தியதும், அங்கிருந்த குடிசைகளுக்கு வரி விதித்ததும் 1953-இல் பிரிட்டனுக்குக் கைகொடுத்தன. லிகிட்டான், சிப்பாடான் தீவுகளை 2002-இல் மலேசியாவுக்குப் பெற்றுத் தந்தவற்றுள் ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்திய விதிகளும் உண்டு. அதே வழக்கில், தம் மீனவர்கள் காலங்காலமாக அந்தக் கடலில் மீன்பிடித்து வந்ததாக இந்தோனேசியா வாதிட்டது. அரசின் விதிப்படியோ அதிகாரத்தின் பேரிலோ நடக்காத தனியார் செயல்களை அதிகாரச் செயல்களாகக் கொள்ள முடியாது என்று பன்னாட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. முட்டைக்கு உரிமம் கொடுத்த எழுத்தரின் கையொப்பம் சான்றாகிறது. தலைமுறைகளாக வலை வீசியவரின் கை சான்றாவதில்லை.

சட்டத்தின் தர்க்கப்படி இது பிழையன்று. நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி அரசுகளின் உரிமையைப் பற்றியது. ஆயினும் பேச்சுவார்த்தை மேசையில் அமரும் நீங்களும் அதே கேள்வியோடு நின்றுவிடுவதுதான் என் மனக்குறை.

பசிபிக்கில் உள்ள கிளிப்பர்டன் பவளத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1858 நவம்பரில் ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, கரையிலிருந்து சற்றுத் தள்ளி நின்ற வணிகக் கப்பலில் இருந்தபடியே, அது பிரான்சுக்கு உரியது என்று பிரகடனம் செய்தார். அந்த அறிவிப்பு ஹொனலுலு இதழ் ஒன்றில் வெளியானது. பின்னாளில் மெக்சிகோ அங்கே ஒரு சிறு படையைக் குடும்பங்களோடு குடியமர்த்தியது. நாட்டில் புரட்சி மூண்டதும் உணவுக் கப்பல் வருவது நின்றுபோனது. ஆண்கள் ஒவ்வொருவராக மடிய, 1917 ஜூலையில் தற்செயலாக வந்த அமெரிக்கப் போர்க்கப்பல் மீட்டுச் சென்றது சில பெண்களையும் குழந்தைகளையும்தான். இரு நாடுகளின் வழக்கில் நடுவராக இருந்த இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் 1931-இல் தீவைப் பிரான்சுக்கு அளித்தார். உரிமை கப்பலில் நின்று செய்யப்பட்ட பிரகடனத்தின் மீது நிலைத்தது.

1982-ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கைக்குப் பிறகு ஆசை பெருகியதில் வியப்பில்லை. தனித்துக் கிடக்கும் ஒரு தீவைச் சுற்றி 200 கடல் மைல் வட்டமிட்டால் சுமார் 4,31,000 சதுர கிலோமீட்டர் கடல், மீனுக்கும் பிற வளங்களுக்கும் உரிமை தரும் பொருளாதார மண்டலமாகக் கைக்கு வரும். மனிதர் வாழவோ தனக்கென ஒரு பொருளாதாரத்தைத் தாங்கவோ இயலாத பாறைக்கு அந்த மண்டலம் கிடையாது என்று 121-ஆவது விதி சொல்கிறது. எனவே, கடலுக்காக மனிதர் வாழ்க்கையைப் பேசுவீர்கள். மனிதருக்காக என்று வரும்போது பேச்சு மாறிவிடும்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகள் இதற்குச் சாட்சி. 1965-இல் பிரிட்டன் அத்தீவுக்கூட்டத்தை மொரீஷியஸிலிருந்து பிரித்தது. டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைவதற்காக 1968-க்கும் 1973-க்கும் இடையில் குடிமக்கள் அனைவரும் அகற்றப்பட்டனர். ஐ.நா.வுக்குக் கணக்குச் சொல்லும் கடமையைத் தவிர்ப்பதற்காக, பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்று கோப்புகளில் எழுதினார்கள். வளர்ப்பு நாய்களைக்கூட விஷப்புகையிட்டுக் கொன்றார்கள். 2019 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம் அந்தப் பிரிப்பு சட்டப்படி நடக்கவில்லை என்று கருத்துரைத்தது. 2025 மே மாதத்தில், தீவுக்கூட்டத்தை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் இரு அரசுகளும் கையெழுத்திட்டன. வெளியேற்றப்பட்டவர்களுள் பலர், தங்களை யாரும் கேட்கவில்லை என்று அப்போதும் முறையிட்டார்கள்.

தீவினரைக் கேட்டால், முன்பே ஆள் குடியேற்றிய நாடுதானே வெல்லும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான ஐயம். 2013-இல் ஃபாக்லாந்து வாக்கெடுப்பில் பிரிட்டனோடு நீடிக்க 1,513 பேரும் எதிராக மூவரும் வாக்களித்ததை அர்ஜென்டினா ஏற்காததும் இந்தக் காரணத்தால்தான். ஆகவே உரிமையை வாக்கெடுப்பால் தீருங்கள் என்று நான் கேட்கவில்லை. உரிமை வேறு, புழக்கம் வேறு என்று பிரித்துப் பேசுங்கள் என்றே கேட்கிறேன்.

அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. செங்கடலின் ஹனிஷ் தீவுகளை 1998-இல் ஏமனுக்கு அளித்த நடுவர் தீர்ப்பாயம், எரித்ரியா, ஏமன் இரு நாட்டு மீனவர்களின் மரபுவழி மீன்பிடிப்பும் தடையின்றித் தொடர வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. கனடாவும் டென்மார்க்கும் 1.3 சதுர கிலோமீட்டர் ஹான்ஸ் தீவை 2022-இல் பங்கிட்டுக்கொண்டபோது, வடதுருவப் பகுதியின் பழங்குடிகளான இனுவிட் மக்கள் அங்கே போய்வருவதும் வேட்டையாடுவதும் தொடர வழி செய்தன.

நீங்கள் அடுத்துக் கூடும் பேச்சுவார்த்தையின் நிகழ்ச்சி நிரலில், வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் இரண்டு பொருள்களைச் சேர்க்க வேண்டுகிறேன்: அங்கே வாழ்பவர், அகற்றப்பட்டவர், மீன்பிடிக்க வருபவர் யார் யார் என்ற பட்டியல், அவர்களின் பேராளர்களுக்கு மேசையில் நாற்காலி. பட்டியலை அவர்களிடம் கேட்டே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்