இவற்றுக்கும் ஒரு மரண கானா பாடுங்கள்

வடசென்னையின் கானாப் பாடகர்களுக்கு,

அண்ணன்களே, தம்பிகளே, இப்போது மேடையேறிப் பாடும் தங்கைகளே, வணக்கம்.

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் அந்த ராத்திரி உங்கள் பாட்டு இல்லாமல் விடியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கூடையில் மீன் விற்ற ஆயா, இருபது வயதில் போன பையன் என்று யாராக இருந்தாலும் பேர் சொல்லிப் பாடுவீர்கள், பெற்ற பிள்ளைகளின் பேரும் சொல்லிப் பாடுவீர்கள். எப்படிச் செத்தார் என்பதையும் மறைக்க மாட்டீர்கள். லாரி ஏறிச் செத்தவர் பாட்டில் லாரி வரும். குடியால் போனவர் பாட்டில் குடி வரும். அதற்காகத்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். வனத்துறையிடம் கேட்க வேறு விஷயங்கள் இருக்கின்றன. இதை உங்களிடம்தான் கேட்க முடியும்.

பூமியை விட்டே போய்விட்ட சில உயிர்களுக்கு நீங்கள் மரண கானா பாட வேண்டும்.

பாட்டு கட்டுவதற்கு முன்னால் சாவு வீட்டில் விவரம் கேட்பீர்களே, பேர் என்ன, என்ன தொழில், யார் யார் இருக்கிறார்கள் என்று. இவற்றின் வீட்டில் பதில் சொல்ல யாரும் மிச்சமில்லை. தெரிந்ததை நானே எழுதித் தருகிறேன்.

முதலில் ஒரு புறா. நம் மொட்டை மாடிகளில் கூண்டு கட்டிப் பந்தயத்துக்குப் புறா வளர்ப்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஒரு புறா திரும்பி வரவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். வட அமெரிக்காவில் பயணிப் புறா என்று ஓர் இனம் இருந்தது. 300 கோடிக்கும் மேல் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். கூட்டம் கடந்துபோக மணிக்கணக்காகும், பகலிலேயே வானம் இருட்டிவிடும். இவ்வளவு புறாக்களை அழிக்க முடியும் என்று அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ரயிலும் தந்தியும் வந்தன. எந்தக் காட்டில் கூடு கட்டியிருக்கின்றன என்று தந்தி சொல்லும். வேட்டைக்காரர்கள் போய் வலை போட்டும் சுட்டும் பிடிப்பார்கள். பறக்கத் தெரியாத குஞ்சுகளைக் கழியால் தட்டி விழவைப்பார்கள். பீப்பாய் பீப்பாயாக ரயிலில் ஏற்றி நகரத்துச் சந்தைக்கு அனுப்புவார்கள். கூட்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற பறவை அது. எத்தனை நாள் தாங்கும்?

கடைசியாக மிஞ்சியது சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் ஒரு பெண் புறா. மார்த்தா என்று பேர் வைத்திருந்தார்கள். 1914 செப்டம்பர் 1ஆம் தேதி கூண்டுக்குள் செத்துக் கிடந்தது. உடலை ஐஸ் கட்டிக்குள் உறையவைத்து ரயிலில் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அதன் இனத்தைச் சந்தைக்குச் சுமந்து போன அதே ரயில் பாதைகள்தான். இதைப் பாட்டில் எப்படி வைப்பது என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது கடல் பசு. நம் பாக் நீரிணையில் ஆவுளியா என்கிறார்களே, அதற்குச் சொந்தம். ஆனால் மிகப் பெரியது, 25 அடிக்கு மேல் நீளம். பசிபிக் கடலின் வடகோடியில் கடல்பாசி மேய்ந்துகொண்டிருந்தது. 1741இல் ஒரு ரஷ்யக் கப்பல் அங்கே ஒரு தீவில் உடைந்து ஒதுங்கியது. கப்பலில் இருந்த ஸ்டெல்லர் என்பவர் அதைப் பற்றி எழுதிவைத்தார். பட்டினியில் கிடந்த மாலுமிகள் அதைத் தின்று உயிர் பிழைத்தார்கள், அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் ரோமத் தோலுக்காக வந்த வேட்டைக் கப்பல்களெல்லாம் வழிச் சாப்பாட்டுக்கு இதையே கொன்றன. குத்துப்பட்டுத் தப்பிக் கடலில் வீணாகச் செத்தவையும் ஏராளம். 1768இல் கடைசி உயிரும் போனது. நாம் கண்டுபிடித்து 27 வருஷத்துக்கு மேல் அது தாக்குப்பிடிக்கவில்லை.

ஸ்டெல்லர் எழுதியதில் இரண்டு விஷயம் உங்களுக்கு வேண்டும். ஒன்றைக் கொக்கி போட்டு இழுத்தால் மற்றவை விட்டுவிட்டு ஓடாதாம். படகைக் கவிழ்க்கப் பார்க்குமாம், வாலால் அடித்துக் கொக்கியைக் கழற்றப் பார்க்குமாம். இன்னொன்று, கரையில் செத்துக் கிடந்த ஒரு பெண்ணைத் தேடி அதன் ஆண் அடுத்தடுத்து இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. துக்கம் மனுஷனுக்கு மட்டும்தான் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பெரிய ஆக் என்ற பறக்காத கடல் பறவையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறகுக்காகவும் எண்ணெய்க்காகவும் லட்சக்கணக்கில் கொன்றார்கள். அரிதாகிப் போனபோது, பாடம் செய்து அலமாரியில் வைக்க விலை கொடுக்கும் ஆட்கள் வந்தார்கள். 1844 ஜூன் மாதம் ஐஸ்லாந்து அருகே எல்டே பாறையில் கடைசி ஜோடியைக் கழுத்தை நெரித்தார்கள். அங்கே இருந்த முட்டையும் பூட்ஸ் காலில் நசுங்கிப் போனது.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. 1947இல், இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்தின் அரசர் ஒரே இரவில் மூன்று சிவிங்கிப்புலிகளை, அதாவது சீட்டாக்களை, சுட்டார். இந்தியாவில் பதிவான கடைசிச் சிவிங்கிகள் என்று அவற்றைத்தான் சொல்கிறார்கள். 1952இல் அரசே அது இங்கே இல்லை என்று அறிவித்தது. 2022இல் குனோ காட்டில் விட்டது ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வந்தவை. நம்முடைய ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டும் மிகச் சில உயிரோடு இருக்கின்றன.

இவையெல்லாம் எங்கேயோ நடந்தவை என்று விட்டுவிட மனம் வரவில்லை. வேளா சுறாவை நம் குப்பத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். முகத்தில் இரண்டு பக்கமும் பல் வைத்த வாள் மாதிரி நீண்ட கொம்பு உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை வைத்து வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கொம்புள்ள சுறா என்றால் அது வேளாவாகத்தான் இருக்க வேண்டும். சாமியாகக் கும்பிட்ட அந்தக் கொம்பே அதற்கு எமன். எந்த வலையிலும் முதலில் சிக்குவது கொம்புதான், சிக்கினால் கழற்ற முடியாது. 2001இலேயே சட்டம் போட்டுப் புலிக்குச் சமமான பாதுகாப்பு கொடுத்தார்கள். இன்று காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு பையனிடம் வேளாவைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள். உலகத்தில் இன்னும் அது முழுசாகப் போகவில்லை. நம் கரையில் போய்விட்ட மாதிரிதான்.

பங்குனி ஆமையும் இருக்கிறது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் செத்து நம் கரைகளில் ஒதுங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மணிக்கணக்காக மாட்டினால் மூச்சுமுட்டிச் சாகும். அந்த இழுவலைப் படகுகளில் நம் அண்ணன் தம்பிகள்தான் வேலைக்குப் போகிறார்கள். பாட்டில் இதையும் விடாதீர்கள். வலையில் ஆமை வெளியேற வழி வைப்பதும், கரையை ஒட்டி இழுக்காமல் இருப்பதும் கூலிக்குப் போகிறவன் கையில் முழுசாக இல்லை என்பதையும் சேர்த்தே பாடுங்கள். படகுக்காரரும் ஏற்றுமதிக்காரரும் கேட்கட்டும்.

இங்கே மனுஷன் சாவுக்கே நியாயம் கிடைக்கவில்லை, மிருகத்துக்குப் பாட்டா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் வந்ததே, அது வீட்டுச் சுவரிலும் ஏறியது, வலையையும் படகையும் நாசமாக்கியது, கூழைக்கடாக்களின் இறக்கையிலும் அப்பியது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டிய கை இறாலையும் கொன்றது, இறால் பிடித்துப் பிழைத்தவர்களின் தொழிலையும் கொன்றது. மனுஷனுக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று என்று நான் இதைப் பிரித்துப் பார்க்க மாட்டேன்.

கானா என்றால் முகம் சுளித்தவர்கள் இன்று அதை சினிமாவில் ஆடிப்பாடி ரசிக்கிறார்கள். மரண கானாவை மட்டும் அவர்கள் அவ்வளவாகத் தொடவில்லை. அது இன்னமும் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்பதில் எனக்கு சந்தோஷம்.

அழிந்த உயிர்களுக்கான நினைவு நாளாக நவம்பர் 30ஐச் சில நாடுகளில் வைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் எண்ணூர் முகத்துவாரம் பக்கம் ஒரு பந்தல் போட எங்கள் தெரு நண்பர்கள் தயாராக இருக்கிறோம். யார் வீட்டுச் சாவுக்கும் அடிக்கிற மாதிரியே மார்த்தாவுக்கும் கடல் பசுவுக்கும் ஆக்குக்கும் சிவிங்கிக்கும் படம் போட்டு, தோற்றம் மறைவு எழுதி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை ஒட்டுகிறோம். கடல் பசுவுக்குத் தோற்றம் என்ற இடத்தில் நாம் அதைப் பார்த்த வருஷத்தைத்தான் போட முடியும். மைக் செட், டீ, ராத்திரிச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. நீங்கள் வழக்கமாக வாங்கும் பணத்தில் ஒரு ரூபாயும் குறைக்க வேண்டாம், வசூல் பண்ணித் தருகிறோம். அது மழைக்காலம், அதனால் தகரக் கொட்டகையாகவே போட்டுவிடலாம். யார் எந்த உயிருக்குப் பாடுவது என்பதை நீங்களே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். புறா வளர்க்கிற யாராவது மார்த்தாவை எடுத்துக்கொண்டால் நல்லது.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து உங்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒருவன்